முதுகில் ஒரு கை

பொன்னாத்தாள் காம்பவுண்டில் எட்டு வீடு, ஒரே ஒரு குழாய். ஒளிவு மறைவு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு, யாரோடு யார் பேசுவதில்லை, எல்லாம் சுவர் தாண்டி வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் சீனிச்சாமி மூன்று வருசமாக ஒரு பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு வந்தான். அந்தச் சாமர்த்தியத்துக்கே அவனுக்கு ஒரு மாலை போடலாம்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு, கடைசியிலிருக்கும் அவன் வீட்டுக் கதவும் ஜன்னலும் படார் படாரென்று சாத்திக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் கற்பூரமும் ஓமமும் புதினாவும் கலந்த தைல வாடை கதவிடுக்கு வழியாக வெளியே வந்து காம்பவுண்டைச் சுற்றும். குழாயடியில் குடம் வைத்திருக்கும் பொன்னாத்தாள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சொல்வாள்:

"பாவமுங்க அந்தச் சீனிச்சாமி. பிளீச்சிங்குல ஈரத்துணி தூக்கித் தூக்கி முதுகே போயிருச்சு. பொண்டாட்டிக்காரி தெனமும் தேச்சு உடறா. அப்படியொருத்தி அமையறதுக்குக் குடுத்து வச்சிருக்கோணும்."

உள்ளே நடப்பது நேர்மாறு. பாயில் குப்புறப் படுத்திருப்பது ஒச்சம்மாள். பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, வேர்த்து விறுவிறுத்துத் தேய்த்துக்கொண்டிருப்பது சீனிச்சாமி.

ஒச்சம்மாள் சிலம்பம் ஆடுகிறவள். உசிலம்பட்டிப் பக்கத்து ஊர். அண்ணன்மார் மூன்று பேரும் கம்பு சுற்றப் போனபோது அவளை அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் அடுப்பையும் பார்த்தாள், அவர்கள் காலடியையும் பார்த்தாள். அண்ணன்மார் களைத்துப் போய்க் கம்பைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரத்தில் அவள் எடுத்துச் சுற்றுவாள். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்த பிறகும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நொய்யல் கரைப் பொட்டலில் தெக்கத்தி ஆட்கள் கூடிக் கம்பு சுற்றுவார்கள். அவளும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு போய் நிற்பாள். முதல் மாதம் சிரித்தவர்கள் அடுத்த மாதம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

சிலம்பம் ஞாயிற்றுக்கிழமைதான். செக்கிங் மேசை மற்ற ஆறு நாளும். பீஸ் கட்டை வலது கையால் இழுத்து, பிரித்து, வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையா, கறையா, ஆயில் ஸ்டெயினா என்று பார்த்து, தள்ளி, அடுத்ததை இழுக்க வேண்டும். வலது தோள் மூட்டு அங்கேயே பாதி தேய்ந்துவிடும். மீதியைக் கம்பு பார்த்துக்கொள்ளும். புதன்கிழமைக்குள் தலைவாரக் கை தூக்க முடியாது.

அந்தத் தோளுக்கு வைத்தியன் சீனிச்சாமி. அவனுக்குச் சிலம்பத்தில் ஒரு காலடி தெரியாது. கம்பைக் கையில் கொடுத்தால் கொடி கட்டத்தான் பார்ப்பான். ஆனால் தைலம் காய்ச்சுவதிலும் தேய்ப்பதிலும் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. கற்பூரம், ஓம உப்பு, புதினா உப்பு மூன்றையும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி ஒரே பாட்டிலில் போட்டு மூடி வைப்பான். நெருப்பே இல்லாமல் மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக் கரைந்து தண்ணீராகிவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் அவனுக்கு அது அதிசயம்தான். காங்கேயத்துச் செக்குத் தேங்காயெண்ணெயில் நொச்சித் தழையைப் போட்டுக் காய்ச்சி இறக்கி, தேன்மெழுகைக் கரைத்து, ஆறும் பக்குவத்தில் அந்தத் தண்ணீரைக் கலப்பான். ஆறினால் கெட்டியாக, விரலால் வழித்தெடுக்கிற பதத்தில் நிற்கும்.

அடிபட்ட அன்றைக்குத் தைலத்தைக் கண்ணிலேயே காட்டமாட்டான். ஈரத்துணி மட்டும்தான். வீக்கத்தின் மேல் சூடு வைத்துத் தேய்த்தால் வீக்கம் கோபித்துக்கொள்ளும் என்பான். மறுநாளிலிருந்துதான் தைலம். கழுத்தடியில் தொடங்கி, தோள்பட்டைக் குழியில் கட்டை விரலை வைத்து வட்டமாக அழுத்தி, முழங்கை வரைக்கும் இழுத்து வருவான். முடிந்ததும் உள்ளங்கையை முழுதாக அவள் முதுகில் பதித்து வைத்து, ஒரு தட்டுத் தட்டி, "போகலாம்" என்பான்.

அந்தப் பழக்கம் அவன் வேலை பார்க்கும் பிளீச்சிங் பட்டறையிலிருந்து வந்தது. வெளுத்துக் காய்ந்து வந்த துணியைக் கட்டிக் கம்பெனிக்கு அனுப்புமுன், அங்கே ஒவ்வொரு கட்டின் மேலும் உள்ளங்கையைப் பதித்து வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் கைக்குத் தெரிந்துவிடும். சரியாக இருந்தால் ஒரு தட்டு. அப்புறம் கட்டு வண்டி ஏறும். சீனிச்சாமி கை வைத்து அனுப்பிய கட்டு ஒன்றுகூட ஈரமென்று திரும்பி வந்ததில்லை. இத்தனைக்கும் அது முழுக் கை இல்லை. வலது கை மோதிர விரலில் பாதியை ஹைட்ரோ மெஷின் தின்றுவிட்டது. துணியைச் சுற்றி ஈரம் பிழிகிற அந்த மெஷினில், நிற்பதற்கு முன்னால் கையை விட்டதற்குக் கொடுத்த விலை. அதிலிருந்து பட்டறையில் அவனுக்குப் பேர் 'நாலரை'. பேர் வைத்தவன் கூட வேலை செய்கிற வெள்ளையன்.

பொய்க்குக் காரணமும் இந்த வெள்ளையன் மாதிரி ஆட்கள்தான். ஒருத்தன் குழாயடியில் பொண்டாட்டி சேலையை அலசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அவனுக்குச் 'சேலை' என்று பேர் வைத்து, அவன் வேறு பட்டறைக்கு ஓடுகிற வரைக்கும் விடவில்லை. நாலரை என்ற பேரைச் சீனிச்சாமி தாங்கிக்கொள்வான். பொண்டாட்டி தோளை அமுக்குகிறவன் என்று தெரிந்தால் என்ன பேர் வைப்பார்களோ என்று அவனுக்குக் கிலி. அதனால் பொன்னாத்தாள் தானாகவே ஒரு கதை கட்டியபோது, அவன் இடுப்பில் கையை வைத்து லேசாக முனகிக் காட்டி அதை உறுதிப்படுத்திவிட்டான்.

ஒச்சம்மாளுக்கு முதலில் இது சிரிப்பாக இருந்தது. போகப்போகக் கசந்தது.

"ஊரே என்னைய மெச்சுது, உங்களுக்குத் தேச்சு விடுறேன்னு. செய்யிற ஆளு நீங்க. மெச்சுனா உங்களையில்ல மெச்சணும்?"

"அதெல்லாம் இருக்கட்டும். கையத் தூக்கு, பாப்போம்."

"சொன்னா என்ன கொறஞ்சா போயிருவீக?"

"கதவு சாத்தியிருக்கா பாரு மொதல்ல" என்பான் சீனிச்சாமி. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

தொண்ணூற்று மூன்றாம் வருசத்துப் பொங்கல் வந்தது. பொங்கல் லீவின் கடைசி நாளில் பனியன் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்தும் விழாவில் சிலம்பப் போட்டி பெரிய விசேஷம். கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்துதான் விழாவுக்கும் தலைவர், போட்டிக்கும் நடுவர். போன வருசமே ஒச்சம்மாள் போய்க் கேட்டாள். "பொம்பளைங்க ஆடற வழக்கமில்லீங்களே அம்மிணி" என்று வணக்கத்தோடு அனுப்பிவைத்தார். இந்த வருசமும் கேட்டாள். இந்தத் தடவை போன வருசம் ஜெயித்த ஆறுச்சாமி பக்கத்தில் நின்றிருந்தான். குண்டடத்துக்காரன், பவர் டேபிள் டெய்லர், நல்ல உயரம், அதைவிட நல்ல மரியாதை.

"ஆடட்டுமுங்ணா. நாங் கரையில அக்கா ஆட்டத்தப் பாத்திருக்கறேன். ஆடாம உட்டா நமக்குத்தான் நட்டமுங்க" என்றான்.

நாச்சிமுத்து யோசித்தார். "செரி, ஆடுங்க. ஆனா ஆம்பளைக்கு என்ன சட்டமோ அதேதானுங்க அம்மிணிக்கும். அப்பறம் வருத்தப்படப்படாது."

சட்டம் எளிமையானது. ஆடுகிறவர்கள் வெள்ளை டீ-ஷர்ட் போட்டுக்கொள்ள வேண்டும். திருப்பூரில் அதற்கா பஞ்சம்? கம்பு நுனியில் துணி சுற்றி, ஒருத்தர் கம்பைக் காவிப்பொடியிலும் மற்றவர் கம்பைத் துணிக்குப் போடுகிற நீலப்பொடியிலும் தோய்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் பனியன் வேஸ்ட் துணியால் ஒவ்வொரு குறியையும் தட்டுவார்கள். உதிர்ந்தால் தூசி. உதிராவிட்டால் அடி. யார் மேல் அடி குறைவோ அவர் ஜெயித்தார். ஆனால் முதுகில் ஒரே ஒரு குறி இருந்தாலும் கணக்கே கிடையாது. எதிராளிக்கு முதுகு காட்டியவர் அப்போதே தோற்றவர். தோற்றது மட்டுமில்லை, அந்தக் களத்தில் அப்புறம் எந்த வருசமும் இறங்கக் கூடாது.

"முதுகுதான? காட்டுனாத்தான" என்றாள் ஒச்சம்மாள்.

விழா அன்றைக்கு விடிந்ததும் குடம் தூக்கும்போது தோள் பிடித்துக்கொண்டது. ஆட்டத்துக்கு முன்னால் தைலம் தொடக்கூடாது என்பது அவளே போட்ட விதி. எண்ணெய் பட்ட கையில் கம்பு நிற்காது. ஆனால் கை காதுக்கு மேலே ஏறவில்லை என்றால் கம்பு இருந்தும் என்ன பிரயோஜனம்?

"தோள்ல மட்டும் தேய்ங்க. என் கையில பட்டுறாம" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு சீனிச்சாமி தேய்த்தான். தோள் இளகி, கை மேலே ஏறியதும் இருவருக்கும் மூச்சு வந்தது. வெந்நீர்த் துணியால் தோளைத் துடைத்துவிட்டான். அவள் ரவிக்கைக்கு மேல் வெள்ளை டீ-ஷர்ட்டை மாட்டி, சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டினாள். வெளியே யாரோ, "அக்கா, கூப்பிடறாங்க!" என்று கத்தினார்கள். அவசரத்தில் சீனிச்சாமி செய்ததெல்லாம் தினமும் செய்ததுதான். உள்ளங்கையை முழுதாக அவள் முதுகில் பதித்து வைத்தான். ஒரு தட்டுத் தட்டினான். "போகலாம்" என்றான்.

எண்ணெய்க் கை வெள்ளைத் துணியில் படக்கூடாது என்பது பிளீச்சிங் பட்டறையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுக்கிற பாடம். இத்தனை வருசத்தில் அந்தப் பாடத்தை அவன் மறந்தது அந்த ஒரு நொடிதான். வெள்ளையில் எண்ணெய் உடனே தெரியவும் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய கண் ஒச்சம்மாளுடையது. அவள் முதுகை அவளே எப்படிப் பார்ப்பாள்?

மைதானத்தில் நிற்க இடமில்லை. பொம்பளை ஆடுகிறாளாம் என்ற செய்தி நாலு பக்கமும் போயிருந்தது. காம்பவுண்டே திரண்டு வந்திருந்தது. பொன்னாத்தாள் முன்வரிசையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சீனிச்சாமிக்குப் பக்கத்தில் வெள்ளையன், கடலையைக் கொறித்துக்கொண்டு.

"ஏண்டா நாலரை, ஊட்டுக்காரி அடி வாங்குனா அப்பறம் உனக்கு யாருடா தேச்சு உடறது?"

சீனிச்சாமி களத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பில் கை வைத்து முனகக்கூட மறந்துவிட்டான்.

ஆறுச்சாமி கம்பைக் கீழே வைத்து வணங்கினான். ஒச்சம்மாளும் வணங்கினாள். அவன் கம்பு நுனியில் காவி, அவளுடையதில் நீலம். அதற்குப் பிறகு மரியாதை எல்லாம் கம்புக்கு வெளியேதான். அவனுக்கு உயரம் இருந்தது, வீச்சு இருந்தது. அவளுக்குக் காலடி இருந்தது. அவன் கம்பு மேலிருந்து இறங்கும்போது அவள் அங்கே இருக்கமாட்டாள், அரையடி தள்ளி, முழங்கால் மடக்கி, கீழேயிருந்து நீலத்தைக் கொண்டு வந்து நெஞ்சில் வைத்துவிடுவாள். அவனும் சும்மா இல்லை. அவள் நிமிர்வதற்குள் காவி தோளில் விழும். கம்போடு கம்பு மோதும் ஒவ்வொரு தடவையும் பொடி பறந்தது. தை மாதக் காற்று வேறு. மைதானத்தின் நடுவில் செம்புகையும் நீலப்புகையும் சுழன்றன. அந்தப் புகைக்குள் அவள் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, ஒரு தடவையும் முகத்தைத் திருப்பவில்லை. வலது தோள் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான் சீனிச்சாமி. அது தடையில்லாமல் ஏறியது, தடையில்லாமல் இறங்கியது. அவனுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

விசில் ஊதியது. இருவரும் மேல்மூச்சு வாங்க நின்றார்கள். நாச்சிமுத்து பனியன் வேஸ்ட்டோடு வந்து தட்டித் தட்டிப் பார்த்தார். ஆறுச்சாமியின் மேல் நீலம், ஒச்சம்மாளின் மேல் காவி. எண்ணி முடித்தபோது அவள் மேல் ஒரு அடி குறைவாக இருந்தது. தெக்கத்திக் கூட்டம் எழும்பிக் குதித்தது. விசில் பறந்தது.

"பொறுங்க, பொறுங்க. முதுகப் பாக்கோணுமல்ல" என்றார் நாச்சிமுத்து. ஆறுச்சாமி திரும்பினான், முதுகு சுத்தம். ஒச்சம்மாள் திரும்பினாள்.

அவள் முதுகின் நடுவில் காவி இருந்தது.

நாச்சிமுத்து ஒரு தடவை தட்டினார். போகவில்லை. அழுத்தித் தட்டினார். அப்படியே நின்றது. அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"அம்மிணி, முதுகுல குறி இருக்குதுங்க."

"இருக்காது" என்றாள் ஒச்சம்மாள்.

"இருக்குதுங்க. தட்டியும் போகலீங்க."

"நான் முதுகக் காட்டல. ஒரு தடவ காட்டல. இவ்வளவு சனம் பாத்துச்சுல்ல, கேளுங்க."

"ஏனுங்ணா, நாந் தொடவே இல்லீங்க" என்றான் ஆறுச்சாமி. "அக்கா முதுகு என் கண்ணுலயே படலீங்க. படாத எடத்துல எப்புடிங்க அடிப்பேன்?"

நாச்சிமுத்து தலையை ஆட்டினார். "நீங்க ரெண்டு பேரும் பொய் சொல்றீங்கன்னு நாஞ் சொல்ல மாட்டனுங்க. ஆனா வேகத்துல எங்கயோ பட்டிருக்கும், ஆடறவங்களுக்குத் தெரியாது. உதிர்ந்தாத் தூசி, உதிராட்டி அடி. அம்மிணிக்குன்னு சட்டத்த மாத்தப்படாதுன்னு மொதல்லயே பேசிட்டமல்லங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடியது. "அதானே பாத்தேன், பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று ஒரு குரல் கேட்டது. ஒச்சம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழுகிற ஆள் இல்லை. அழுதிருந்தால்கூட சீனிச்சாமிக்கு இவ்வளவு வலித்திருக்காது. தோற்றது ஒரு பக்கம், இனி எந்தப் பொங்கலுக்கும் இந்தக் களம் இல்லை. அதைவிட, புறமுதுகு காட்டினாள் என்று ஊர் சொல்லப்போகிறது. அவளைப் பற்றி!

அந்தக் குரல் வந்த திசையை முறைப்பதற்காக அவள் சட்டென்று திரும்பினாள். வெயில் அவள் முதுகில் நேராக விழுந்தது. சீனிச்சாமி பார்த்தான்.

கிட்டத்தில் நின்ற நாச்சிமுத்துவுக்குக் காவித் தீற்றலாகத் தெரிந்தது, இவன் நின்ற இடத்திலிருந்து வேறாகத் தெரிந்தது. கீழே அகலமாக ஒரு உள்ளங்கை. பக்கவாட்டில் ஒரு கட்டை விரல். மேலே மூன்று விரல் நீளமாக, ஒரு விரல் பாதியில் நின்று.

அவன் தன் கையைத் தூக்கிப் பார்த்தான். மூக்கருகே கொண்டு போனான். கற்பூரம் இன்னும் மணத்தது.

தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல இருந்தது. அப்புறம் பக்கத்தில் கடலை கொறிக்கும் சத்தம் காதில் விழுந்தது. வாயைத் திறந்தால் வெள்ளையனுக்கு ஆயுசுக்கும் தீனி. திறக்காவிட்டால் அவள் ஆயுசுக்கும் முதுகு காட்டியவள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்கே கோபம் வந்தது. களத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிவிட்டுக் களத்துக்குள் நடந்தான்.

"டேய் நாலரை, எங்கடா போற?" என்றான் வெள்ளையன்.

சீனிச்சாமி நாச்சிமுத்துவுக்கு ஒரு கும்பிடு போட்டான். ஒச்சம்மாளின் பின்னால் போய் நின்றான். வலது கையை விரித்து, அந்தக் காவியின் மேல் பதித்தான். உள்ளங்கை உள்ளங்கையில் உட்கார்ந்தது, கட்டை விரல் கட்டை விரலில். பாதி விரல் எங்கே நின்றதோ, காவியும் சரியாக அங்கேயே நின்றது.

கூட்டத்தின் நடுவிலிருந்து வெள்ளையன் குரல் கிளம்பியது: "அட, நாலரை கைடா அது!"

சிரிப்பு அலையடித்தது. சீனிச்சாமி அது அடங்கும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.

"இது கம்படி இல்லைய்யா. எங் கை. காலையில தைலம் தேச்சுவிட்டுட்டு, கழுவாத கையோட முதுகுல தட்டி அனுப்புனேன். எண்ணெய்ல பொடி ஒட்டுனா எங்க உதிரும்? தப்பு என் தப்பு. அவ முதுகு சுத்தம்."

முன்வரிசையில் பொன்னாத்தாள் முக்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "ஏனுங் சாமி, முதுகு வலி உங்களுக்கல்லொ? அவதான உங்களுக்குத் தேச்சு உடறா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். மூன்று வருசமாகச் சாத்தி வைத்த கதவு அது.

"எனக்கு ஒரு வலியும் இல்லக்கா. கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். தோள் வலி இவளுக்குத்தான். ஆறு நாளு செக்கிங், ஏழாம் நாளு கம்பு. மூணு வருசமா தெனமும் தேச்சு விடுறவன் நானு. தைலம் காய்ச்சுறவனும் நானு. இன்னைக்கி இந்தத் தோளு ஆடுச்சே, பாத்தீகள்ல? அதுல எனக்கும் பங்கு இருக்குது." வெள்ளையன் நின்ற பக்கம் திரும்பினான். "இத வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன் பாருங்க, வெக்கக்கேடு அதுதான்."

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. நாச்சிமுத்து ஒரு சிட்டிகை காவியை எடுத்து ஒச்சம்மாளின் டீ-ஷர்ட்டில் கையடையாளத்துக்குத் தள்ளித் தூவி, தட்டினார். சுத்தமாக உதிர்ந்தது. அடையாளத்தின் மேல் தூவித் தட்டினார். ஒட்டிக்கொண்டு சிரித்தது. ஆறுச்சாமி, "மன்னிச்சுக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு, ஒரு முழம் தள்ளி நின்றபடியே மூக்கை நீட்டினான்.

"கற்பூர வாசமுங்ணா. ஓமமும் இருக்குதுங்க" என்று தீர்ப்பு மாதிரி சொன்னான்.

நாச்சிமுத்து ஒச்சம்மாளின் கம்பை வாங்கி அவள் கையிலேயே இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "அம்மிணி ஜெயிச்சுட்டாங்க" என்று மைக்கில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை.

ஜெயித்தவர் கம்பைத் தோளில் சாய்த்து முன்னால் நடக்க, கூட்டம் பின்னால் போவது வழக்கம். விழாக்காரர்கள் புது டீ-ஷர்ட் ஒன்றைக் கொண்டு வந்து, "மாத்திக்குங்கக்கா, முதுகுல கறையா இருக்குது" என்றார்கள்.

ஒச்சம்மாள் அதைத் தொடவில்லை. "கறையா? எத்தன வருசமா செக்கிங்ல இருக்கேன், எனக்குத் தெரியாத கறையா? பாக்காமயே சொல்றேன், இந்தப் பீஸ் பாஸு" என்றாள்.

மேளம் முன்னால் போக, அவள் நடந்தாள். ஆட்டத்தில் ஒருத்தனுக்கும் காட்டாத முதுகை அன்றைக்கு ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு நடந்தாள். பின்னால் கூட்டத்தோடு கூட்டமாகப் போன சீனிச்சாமி, தன் கை தனக்கு முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டே போனான். பக்கத்தில் வந்த வெள்ளையன் கடலைப் பொட்டலத்தை மட்டும் இவன் பக்கம் நீட்டினான். ஆறுச்சாமி ஓடிவந்து காதோடு கேட்டான்: "ஏனுங்ணா, முழங்கையில அக்கா வச்ச அடி விண்ணு விண்ணுங்குது. அந்தத் தைலம் கொஞ்சம் கெடைக்குமுங்களா?"

"இன்னைக்கி ஈரத்துணி மட்டும் போடு. நாளைக்கி வா" என்றான் வைத்தியன்.

அன்றைக்கு ஒச்சம்மாளுக்கும் ஈரத்துணிதான். மறுநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தார்கள். அவள் பாயை விரித்துப் படுத்தாள். சீனிச்சாமி தைல டப்பாவை எடுத்துவைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கதவைச் சாத்தப் போனான்.

"எதுக்கு?" என்றாள் ஒச்சம்மாள், தலையைத் தூக்காமல்.

அவன் கதவை அகலத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லையும் முட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். குழாயடியில் பொன்னாத்தாள் குடத்தோடு நின்று நேராக உள்ளே பார்த்தாள். சீனிச்சாமி அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தைலத்தை வழித்து, கழுத்தடியில் தொடங்கினான்.